ஊசி போட்ட கண்ணில் புற்றுமண்

ஆடி, செவ்வாய் இரவு.

சர்க்கரையால் வீட்டுக்காரருக்குக் கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிந்து பார்வை மங்கிவிட்டது. கசிவை நிறுத்தும் மருந்தை முந்தாநாள் கண்ணுக்குள்ளேயே ஊசியால் போட்டார்கள். வீக்கம் வற்ற மாதாமாதம் போட வேண்டுமாம். இப்போதைக்குத் தண்ணீர்கூடப் படக்கூடாதாம்.

இன்று நான் கோயிலிலிருந்து திரும்பினால், அவருடைய அக்கா அந்த இமையில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருக்கிறாள்.

"மைனி, ஊசி குத்துன கண்ணுல மண்ண அப்புதீங்களே!"

"கோமதி அம்மன் மண்ணுட்டி. ஒனக்குத்தான் பக்தியே கெடையாதே."

வெள்ளி தவறாமல் விளக்குப் போடுகிற எனக்கா?

இப்போது கண் சிவந்து வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் உடனே வரச் சொன்னார்கள். காருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.

"டாக்டர்ட்ட மண்ணப் பத்திச் சொல்லாதட்டி, அக்காவுக்குக் கேவலம்" என்கிறார் இவர்.

உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.