திருப்பிக் கொடுக்கிற நாய்

1996 நவம்பர் 14, இரவு 11.20. ஒரே நாய்ப் பண்ணையில் ஒரே தாய் போட்ட குட்டிகளில், எங்கள் மிருக ஆஸ்பத்திரியில் இன்று மூன்றாவதுக்கு எக்ஸ்ரே எடுத்தேன். மல்வேர்னில் இருக்கிற செல்வம் அண்ணையின் எட்டு மாதப் பெட்டை நாய். இரண்டு இடுப்பு மூட்டும் குழியில் பொருந்தவில்லை.

"ஆட்டெலும்பு சூப்பெல்லாம் குடுத்தனானே," என்றார்.

"சாப்பாடில்லை அண்ணை. தாயிட்ட இருந்து வந்தது. பண்ணையில அதைக் கூட்டுக்குள்ள பூட்டி வைச்சுக் குட்டி எடுக்கிறாங்கள்."

"இதைத் திருப்பிக் குடுத்தால் வேற குட்டி தாறனெண்டவன் பண்ணைக்காரன்."

"அதே தாயின்ர குட்டிதான் தருவான். இதையும் குட்டி போட விடுவான்."

"உனக்கேன் தம்பி விசர்? சும்மாதானே தாறான்."

நாய் எழும்பப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்தது.

1. நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமென்று காலையில் அண்ணைக்குப் போன் எடுப்பது. கேட்கமாட்டார்.
2. நாயை நானே வளர்க்க, நான் வாடகைக்கு இருக்கிற பேஸ்மென்டின் வீட்டுக்காரரிடம் கேட்பது. விடமாட்டார்.
3. புதுக் குட்டியை அண்ணை கொண்டுவந்தால், எக்ஸ்ரே எடுப்பது.