துரை கடைசியாகச் சொன்னது

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும், இடது காலில் அந்த இழுப்பு கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். உன் அறைத் தோழி லீவு முடிந்து கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிற அம்மா இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் என் குரலை வைத்தே நீ கண்டுபிடித்துவிடுவாய், அழ ஆரம்பித்தால் உனக்குக் கழுத்து இறுகி மூச்சு வாங்கும், அதை இத்தனை தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். வேலை இல்லாத நாளாகப் பார்த்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் துரை போய்விட்டான் சிட்டு. போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில். சாப்பிட்டது புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, அது சளியாகக் கட்டிக்கொண்டது, எப்போதும் வருவதுதானே, நாலு நாள் படுத்துவிட்டு எழுந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் இருந்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு துரை ஏன் வீடியோவில் வரவில்லை என்று கேட்டபோது அவன் வார்டில் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக் கதையை அவனே உன்னிடம் பீற்றிக்கொள்ளட்டும் என்று, அவர்கள் வீட்டில் நெட் இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு நீ மறுபடியும் கேட்டாய். அப்போது அவன் இல்லை. என்ன செய்தும் சொல்ல வாய் வரவில்லை, மறுபடியும் நெட் மேல் பழியைப் போட்டேன். நீ என்மேல் கோபித்துக்கொள், தப்பில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். உன்னையும் துரையையும் தூக்கிக்கொண்டு போன பயிற்சி மையத்துக்குக் கீழே டயர் கடை வைத்திருந்தாரே, அவர் வந்தார், காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலிலேயே நின்றார். பிசியோ மேடம் வந்தாள், தலை முழுக்க வெளுத்துவிட்டது, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள், எத்தனை பிள்ளைகளை நடக்க வைத்தவள். அந்தக் காலத்தில் மையத்து பெஞ்சில் காத்திருந்த அம்மாக்களில் பாதிப் பேர் வந்திருந்தோம். யாருடைய பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்கவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. துரையின் சக்கர நாற்காலி நடையில் குறுக்கே கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் போனார்களே தவிர, ஒருவரும் அதைத் தொட்டு ஓரமாக நகர்த்தவில்லை.

எனக்கு அன்று முழுக்க அந்தப் பயிற்சி மையம்தான் கண்ணிலேயே நின்றது. உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. அப்பா ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு வருவார், நான் மட்டும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மாடிப்படியில் ஏறுவேன், முதல் வளைவில் துரையம்மா மூச்சு வாங்க நிற்பாள், தோளில் துரை தொங்கிக்கொண்டிருப்பான். “நடக்காமலே ஊரைச் சுத்துறான் பாருங்க, துரைக்குப் பல்லக்கு தூக்கியே என் தோள்பட்டை போச்சு” என்பாள். அப்படித்தான் அவனுக்கு அந்தப் பேரே வந்தது. உள்ளே நீல நிறப் பாயில் உன்னை ஒரு பக்கம் போடுவார்கள், அவனை ஒரு பக்கம். ஒருநாள் அவன் விடாமல் ஒரே சத்தத்தைப் போட்டு அழுதான். பசி என்றார்கள், வயிற்று வலி என்றார்கள், பிசியோ மேடம் காலைப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. நீ பக்கத்துப் பாயிலிருந்து என்னைப் பார்த்து, “அவனுக்குக் கண்ணாடி பாக்கணுமாம்” என்றாய். உன் பேச்சே அப்போது எனக்கு மட்டும்தான் புரியும். நான் துரையம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பாமலேதான் அவனைச் சுவர்க் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட்டாள். அழுகை நின்றுவிட்டது, கண்ணாடியில் தன்னைப் பார்த்து உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். அன்றிலிருந்து அவன் உன்னிடம் சொல்லுவான், நீ என்னிடம் சொல்லுவாய், நான் அவன் அம்மாவிடம் சொல்லுவேன். தன் பிள்ளை சொல்வதை இரண்டு பேர் தாண்டிக் கேட்டு அவள் சிரிப்பதையும் அழுவதையும் நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பிறகு அவளும் கற்றுக்கொண்டாள், தண்ணீர், வலி, குளிர் எல்லாம் அவளுக்கே புரிய ஆரம்பித்தது. ஆனாலும் சந்தேகம் வந்தால் உன்னைத்தான் கேட்பாள், நீ வேலைக்காக அவ்வளவு தூரம் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் போனை நீட்டிக் கேட்டாளே.

அவள் மிட்டாய் கொடுப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். தலை நின்றதற்கு மிட்டாய், மூடின கை விரிந்ததற்கு மிட்டாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம், பரீட்சையில் பாஸா என்று கேட்டால், “ஆமா, துரை இன்னிக்கு ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சிட்டான்” என்பாள், கேட்டவர்கள் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை நின்றபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அவள்தான் ஓடிப்போய் வாங்கி வந்தாள். அத்தை வாங்கிக் கொடுத்த கவுன் கதையும் அப்படித்தான். பிடித்திருக்கிறதா என்று அத்தை கேட்டதற்கு நீ “குத்துது” என்றாய், அத்தை வீடு முழுக்கக் கேட்கும்படி “ரொம்பப் பிடிச்சிருக்காம்!” என்றாள். நீ முகமெல்லாம் சிவந்து, “நான் சொன்னதை மாத்தாதே!” என்று கத்தினாய். நீ பேசின பேச்சில் வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் புரிந்த முதல் முழு வாக்கியம் அதுதான். அத்தை அசடு வழிந்தாள். நான் இதை மையத்தில் சொன்னதும் துரையம்மா, “கோவமா பேசினாளா, முழுசா பேசினாளா” என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டு அதற்கும் மிட்டாய் கொடுத்தாள். போன மாதம்கூட ஒரு பொட்டலம் கொண்டுவந்து மருந்துக்கடையில் என் மேஜைமேல் வைத்தாள். துரை கட்டில் விளிம்பில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தானாம், அவள் ஒரு தலையணை உறையைத் தைத்து முடிக்கிற வரைக்கும். மிஷினை மிதிக்க மிதிக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், எழுந்து போனால் விழுந்துவிடுவானோ என்று. இந்த வயதில் இனிமேல் ஒன்றும் வராது என்று எத்தனை பேர் சொன்னார்கள், வந்துவிட்டதே என்றாள். அந்தச் சந்தோஷம் முழுசாக ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இனிமேல் எழுதப் போவதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரியில் சளி வெளியே வருவதற்காக அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் வந்து தட்டுவாள், அவள் போனதும் துரையம்மா தட்டுவாள், உள்ளங்கையைக் குழித்துத் தட்டுகிற அந்தத் தட்டு, எனக்கும் கைவந்ததுதான். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். மூக்கிலும் வாயிலும் மாஸ்க், சத்தம் தெளிவாக இல்லை. ‘ஓவும்மா, ஓவும்மா’ என்றிருக்கிறான். போடும்மா என்றாலும் அவன் வாயில் அப்படித்தான் வரும், போதும்மா என்றாலும் அப்படித்தான் வரும், உனக்குத் தெரியும். முன்பே ஒருநாள் இந்தக் குழப்பம் வந்து, ரேடியோவைப் போடச் சொல்கிறானா, சோறு போதும் என்கிறானா என்று நாங்கள் முழித்தபோது, “ரெண்டும் ஒண்ணு இல்லம்மா, உங்களுக்குத்தான் காது இல்ல” என்று நீ சிரித்தாய். அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, போனில் அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டாள், உனக்கு அனுப்பிக் கேட்கலாம் என்று. வேலை நேரத்தில் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம், சாயங்காலம் நீ அறைக்குப் போன பிறகு அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறாள். சாயங்காலம் நீ அறைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதில் உன்மேல் ஒரு துளிகூடக் குற்றமில்லை, அவள்மேலும் இல்லை. இந்த வரியை இரண்டு தடவை படித்துக்கொள்.

முந்தாநாள் அவள் கடைக்கு வந்தாள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு என்னைக் கேட்டாள், “அவன் போதும் போதும்னு கெஞ்சக் கெஞ்ச நான் தட்டிக்கிட்டே இருந்தேனா, இல்ல ரேடியோ போடச் சொன்னானா? இது மட்டும் தெரிஞ்சா எனக்குப் போதும்” என்று. அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். சிட்டு, எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மூச்சு இரைகிறது, பின்னால் யாரோ சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம், நடுவில் அவன் குரல். அவ்வளவுதான். உன்னிடம் கேட்கட்டுமா என்றாள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ போடும்மா என்றுதான் சொல்ல வேண்டும், என்ன கேட்டாலும் அப்படியே சொல்லு என்று எழுதுவதாகத்தான் அப்போது நினைத்தேன். ஒரு வார்த்தையில் ஒரு எழுத்து, அதை மாற்றினால் அவளுக்குத் தூக்கம் வரும், யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, “சிட்டு எனக்காக மாத்திச் சொல்லிடுவா. மாத்த வேணாம்னு நீங்களே எழுதிடுங்க. அவன் சொன்னது எதுவோ அதுதான் வேணும், எனக்குன்னு அவன் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்” என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். பிறகு, “அவன் பேச்சு நம்ம பொண்ணுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தெரிஞ்சவளுக்கு நாம என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது நீ வேலைக்குக் கிளம்பின அன்றைக்குப் பிறகு இப்போதுதான்.

அதனால் நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறந்த உடனே இந்தக் குழந்தை பேசாது, எதுவும் புரிந்துகொள்ளாது என்று உன்னைப் பற்றி ஒருவர் என்னிடம் சொன்னார். இன்றைக்கு ஒரு தாய் தன் பிள்ளையின் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் செய்துகொண்டு இருக்கிறேன். நீ சரி என்றால்தான் அவள் அதை அனுப்புவாள். கேட்க முடியாது என்றால் முடியாது என்று சொல், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கேட்டும் விளங்கவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்.

உன் உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள். பாத்ரூம் தூரம் என்று ஆபீசில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாய் என்று உன் தோழி போட்டுக் கொடுத்துவிட்டாள், அவளைத் திட்டாதே, தண்ணீரைக் குடி. இறுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே, மருந்துக்கடைக்காரி சொல்கிறேன், கேள். கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை நீட்டுகிற பயிற்சியை விடாதே. இந்த ஒரு வாரம் ஆபீசில் நீ பார்க்கிற புகார்களில் வாடிக்கையாளர் யாராவது உன்னைத் திட்டினால் மனதில் வைத்துக்கொள்ளாதே, அவர்களுக்குத் தெரியாது. வாய்விட்டு அழு, ஆனால் படுத்துக்கொண்டு அழாதே, உனக்கும் புரையேறும்.

நீ நீண்ட நாள் நல்ல உடம்போடு, உன் கையால் சம்பாதித்து, உன் வாயால் பேசி வாழ வேண்டும். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதே. உனக்கு என்ன கேட்டாலும் எழுதி அவளுக்கு நேரே அனுப்பிவிடாதே. முதலில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் கடையில் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன். அப்போது நீயே உன் குரலில் சொல். உன் பேச்சு இப்போது அவளுக்கு நன்றாகவே புரியும். நான் நடுவில் வாய் திறக்க மாட்டேன்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா