ஷூவோடு தூங்கும் பிள்ளைகள்

புவெனஸ் ஐரெஸ்
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் நோயெமிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், ஓஸ்லோவில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், லிஃப்ட் இல்லாத வீட்டை நான்தான் பிடிவாதமாக வாங்கினேனாம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே இப்போது ராத்திரியிலும் வெளிச்சமாக இருக்கும் என்றாயே, ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிப் போடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. போன வாரம் நீ போனில் அழுதபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. “அப்பா, அந்த நர்சரிக்கு இனிமே போகாதீங்க, உங்களுக்கென்ன தலையெழுத்தா” என்று நீ கேட்டாய், அம்மா வேறு பக்கத்தில் நின்று அதையே சைகையில் சொன்னாள். எழுத்தில் வருகிறதா பார்க்கிறேன்.

நான் போனில் சொன்ன அந்த நாள் மதியம் நம் யூத நர்சரியில் சாப்பாடு முடிந்து நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டுப் பாயில் படுத்திருந்தார்கள், நான் வழக்கம்போல கிதாரில் மெதுவாகத் தாலாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை எதித் கதவருகே வந்து நின்றார், உனக்கு மூக்கு துடைத்துவிட்ட அதே எதித்தான், முகத்தில் சிரிப்பு இருந்தது. பிள்ளைகளிடம், “கண்ணுங்களா, எல்லாரும் எழுந்திரிங்க, கயித்தப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் போறோம், மோரே பாடிக்கிட்டே வருவாரு” என்றார், பிள்ளைகளுக்கு வாத்தியார் என்றால் இன்னும் மோரேதான், அது நான். என் காதில், “போன் வந்திருக்கு, குண்டு வெச்சிருக்காங்களாம்” என்றார். இதுமாதிரி போன் முன்பும் வந்திருக்கிறது, எல்லாம் பொய். ஆனால் காலையில் இருந்த நம் யூதர் சங்கக் கட்டடம் குண்டு வெடித்துச் சற்று நேரத்தில் இல்லாமல் போனதைப் பார்த்த ஊர் இது, எவன் பொய் என்று நினைத்துச் சும்மா இருப்பான். ஷூ மாட்ட நேரமில்லை. குளிர்ந்த நடைபாதையில் வெறும் காலுறையோடு பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனோம், கைக்குழந்தைகளை மற்ற ஆசிரியைகள் சக்கரத் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள், நான் முன்னால் பாடிக்கொண்டே போனேன், என்ன பாடினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

மூலையில் பீட்சா கடை வைத்திருக்கிற ஆர்மீனியர் தோன் காரோவை உனக்கு ஞாபகம் இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவர் கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு மேசைகளை ஓரம் தள்ளினார், பிசைந்த மாவைப் பிட்டுப் பிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அந்த நேரத்திலும் எதித், “தோன் காரோ, இவங்க இதை வாயில வெச்சிடக் கூடாது, எங்க சாப்பாட்டு ஆசாரம் உங்களுக்குத் தெரியும்ல” என்று சொல்ல, அவர், “மாவுதான் அம்மா, இதுல பன்னி ஏதும் படுத்துத் தூங்கல” என்றார், நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்ததுபோலச் சிரித்தோம். போலீஸ் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றது. சாயந்திரம் பெற்றோர் வந்து கூட்டிப் போனார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் தூங்கும் நேரத்தில் லீயா ஷூவைக் கழற்றவில்லை. லீயா யார் என்றால் உன்னோடு இதே அறையில் படித்தாளே சில்வினா, இப்போது பல் டாக்டர், அவளுடைய பெண். அவளைப் பார்த்து அடுத்தவன் கழற்றவில்லை, கொஞ்ச நாளில் எல்லாரும் ஷூவோடு படுத்தார்கள். எதித் விட்டுவிடுங்கள் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை, களைத்துப்போன ஷூ ஒன்று தூங்கப்போவதாக ஒரு பாட்டுக் கட்டிப் பாடினேன். லீயா கடைசிவரை கேட்டுவிட்டு, “மோரே, இது சின்னப் பசங்க பாட்டு” என்றாள். அப்புறம், “அன்னிக்குச் சும்மா நடக்கப் போறோம்னு சொன்னது பொய்தானே” என்றாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். “யாரும் சொல்லல. பாடும்போது நீங்க எப்பவும் எங்களைப் பாப்பீங்க. அன்னிக்கு ரோட்டையே பாத்தீங்க.” இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன் நோயெமி, அந்தப் பெண் முன்னால் கிதாரைச் சுருதி சேர்ப்பதுபோலப் பாவனை பண்ணினேன்.

இந்த வாரம் சில்வினா வந்தாள். வாசலில் போலீஸ்காரரிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு நேராக என்னிடம் வந்து, “மோரே, இனிமே எதுவும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இவளை இங்கயே விட்டுட்டுப் போயிடறேன்” என்றாள். நான் இரும்புக் கதவை மாற்றுகிறார்கள், இன்னொரு காவலாள் போடுகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். “நான் கதவைப் பத்திக் கேக்கல மோரே” என்றாள். லீயாவைப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க நர்சரியில் சேர்த்துவிட்டாளாம், அங்கே வாசலில் போலீஸ் நிற்பதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நோயெமி புத்திசாலி, தூரமாப் போயிட்டா” என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எதித்திடம் கேட்டேன், நாம் ஒன்றுமே சொல்லப்போவதில்லையா என்று. “என்னத்தச் சொல்ல? எனக்குச் சின்னக் குழந்தை இருந்தா நானும் கூட்டிட்டுத்தான் போவேன். ஆனா திங்கக்கிழமை வர்ற புள்ளைக்குக் கதவைத் திறக்க ஆள் வேணுமே” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனார், மாத்தே டீ போட.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை லீயாவுக்குக் கடைசி நாள். சபாத் ஓய்வுநாளை வரவேற்க வகுப்பில் அம்மாவாக நிற்கும் அன்றைய சபாத் அம்மா அவள்தான். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு மெழுகுவத்திக்கு முன்னால் கண்ணைப் பொத்திக்கொண்டாள், பின்னல் ரொட்டியைப் பிட்டு ஒருவரையும் விடாமல் கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு கோட்டு மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள், சில்வினா பின்னால் நின்றாள். “மோரே, புது ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை வருமா?” என்று கேட்டாள். எல்லா இடத்துக்கும் வரும் கண்ணு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்க அதை யாரு கொண்டாருவாங்க?” என்றாள். நான் சில்வினாவைப் பார்த்தேன், அவள் குனிந்து பிள்ளையின் கோட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே கழுத்துவரை மேலே ஏறித்தான் இருந்தது. பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டாள்.

நாளைக்கு நான் வேலைக்குப் போகிறேன் அம்மா. ஏன் என்று கேட்டால் உனக்குச் சொல்லும்படியாகக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் பாஸ்போர்ட் இந்த வருஷம் முடிகிறது, மறக்காமல் புதுப்பித்துவிடு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. உனக்கு நீண்ட ஆயுளும், பயமில்லாத வீடும், பக்கத்தில் நல்ல மனிதர்களும் அமைய வேண்டும். ஒவ்வொரு வெள்ளி மாலையும் அம்மா விளக்கு ஏற்றியதும் உன் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் சொல்கிறேன். நீ இங்கே இருந்தால் தலையில் கை வைத்துச் சொல்லலாம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
இசிதோரோ