கட்டம் இல்லாத வண்டி

செவ்வாய், இரவு.

ஆபீசில் இன்று அம்பத்தூர் சிக்னல் வீடியோ கொடுத்தார்கள். ஒவ்வொரு வண்டியையும் சுற்றிக் கட்டம் போட்டு, பஸ், கார், ஆட்டோ என்று குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் புது சிக்னல் வண்டிகளை அடையாளம் காணப் பழகும். நடுவில் வண்டி இல்லை என்று நினைத்தால் குறுக்குச் சாலைக்குப் பச்சை போட்டுவிடும்.

வீடியோவில் ஓரிடத்தில் அப்பா வந்தார். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சிமெண்ட் மூட்டைகளோடு தனியாக மிதித்துக் கடந்தார். பட்டியலில் மீன்பாடி வண்டி இல்லை. சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டேன்.

"அது லிஸ்ட்லயே இல்ல பாப்பா. கட்டம் போடாம விட்டுடு."

அது எங்கள் அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் ஆட்டோ என்று குறித்துவிட்டேன்.

சாப்பிடும்போது, "அப்பா, அந்த சிக்னல்ல தனியா போகாத. ஏதாவது ஆட்டோகூடவே போ" என்றேன்.

"இன்னாத்துக்கு? யானை கணக்கா கீது நம்ம வண்டி. எவன் கண்ணுக்குத் தெரியாது?" என்று சிரித்தார்.

நாளை அக்கா சரிபார்க்கும்போது அந்தக் கட்டத்தை அழித்துவிடுவார். அப்போதாவது அது எங்கள் அப்பா என்று சொல்லிவிட வேண்டும். இதை எழுதுமுன் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உதடுதான் அசைந்தது.