எதையும் மாற்றாமல்

ரும்பி
14 பிப்ரவரி 2010

அன்புள்ள வனாங்வா அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து, கடையில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். போன கடிதங்களில் ‘எல்லாரும் நலம்’ என்று எழுதியிருந்தேன். அம்மா நலம். நானும் நலம். உன் கம்ப்யூட்டர் நலமில்லை.

பாட்டு ஏற்றிக்கொள்ள வருகிறவர்களின் பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறிவிட்டது. கோப்புகள் எல்லாம் காணாமல் போய், அவற்றின் பெயர்கள் மட்டும் திரையில் நிற்கின்றன. நம் மெஷினில் செருகினால் பென்டிரைவும் கெட்டுப்போகிறது என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. நேற்று ஒரு மினிபஸ் டிரைவர் வாசலில் நின்றபடியே, “தங்கச்சி, உங்க மெஷினுக்கு மலேரியா விட்டுச்சா? இல்லன்னா நான் எதிர்க்கடைக்கே போறேன்” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா காதில் விழாததுபோல மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே துடைத்த மேஜை.

எங்கள் அறிவியல் டீச்சர் மிஸ் ஸ்கம்போ எனக்கு ஒரு சிடி கொடுத்திருக்கிறார். அதில் இருப்பதன் பெயர் லினக்ஸ். இதை யாரும் விற்பதில்லையாம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றுகூட நாம் திறந்து பார்க்கலாமாம். இந்த வைரஸ்கள் அதன்மேல் ஏறாது என்கிறார். பழையதை எடுத்துவிட்டு இதைப் போடலாமா? நீ சொல்லாமல் தொடமாட்டேன்.

கடை தன் காலில் நின்றால் ஊருக்கு வந்துவிடுவேன் என்று நீ பஸ் ஏறும்போது சொன்னதை அம்மா யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் மாதா மாதம் உன் கட்டில் போர்வையை வெயிலில் போடுகிறாள்.

உன் பதிலை ஜோஹன்னஸ்பர்க் பஸ் கண்டக்டர் முந்தாலியிடமே கொடுத்தனுப்பு.

அன்புத் தங்கை,
தொவேரா

*

ஜோஹன்னஸ்பர்க்
2 மார்ச் 2010

என் புத்தகப்புழுவே,

உன் கடிதத்தை ஹோட்டல் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே நின்று படித்தேன். கூட வேலை செய்யும் சிம்பாப்வேக்காரன், “என்னப்பா, ஊர்ல யாராவது போயிட்டாங்களா?” என்று கேட்டான். “இல்ல, என் மெஷினுக்குத்தான் மலேரியா” என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

தொவே, ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். என் மெஷினில் எதையும் மாற்றாதே. என் பொருட்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நான் டிசம்பரில் வந்து நானே சரிசெய்கிறேன். அதுவரை டைப்பிங் வேலை மட்டும் வாங்கு. பாட்டு வேண்டாம். பெரிய வேலையாக ஒன்று பிடித்துவிட்டால் கடை தன் காலில் நின்றுவிடும். அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?

அம்மாவை நம் ஏரி உசிபாக் கருவாடு கொஞ்சம் முந்தாலியிடம் கொடுக்கச் சொல். இங்கே கிடைக்கும் மீனுக்கு வாசனையே இல்லை.

உன் அண்ணன்,
வனாங்வா

*

ரும்பி
28 மார்ச் 2010

அன்புள்ள அண்ணா,

கருவாடு அனுப்பியிருக்கிறோம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று முந்தாலியிடம் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நீ சொன்னபடி எதையும் மாற்றவில்லை. ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த சிடியைப் போட்டு மெஷினை எழுப்பினால் முதலில் ஒரு கேள்வி கேட்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றட்டுமா, அல்லது எதையும் மாற்றாமல் இயக்கிப் பார்க்கிறாயா என்று. எனக்காகவே அந்த இரண்டாவது வரியை யாரோ எழுதிவைத்ததுபோல இருந்தது. அதையே அழுத்தினேன். கொஞ்சம் மெதுவாக வந்தது, ஆனால் வந்துவிட்டது. பிரின்டரையும் தானாகவே கண்டுகொண்டது. எழுத வேண்டிய செயலி எங்கே என்று தேடத்தான் ஒரு மத்தியானம் ஆயிற்று. பழையதில் இடது பக்கம் இருந்தது இதில் மேலே இருக்கிறது, கீழே இருந்தது காணவில்லை. தெரிந்த வீட்டில் யாரோ சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டதுபோல. இப்போது பழகிவிட்டது.

பெரிய வேலையும் கிடைத்துவிட்டது. நம் சபையின் பெண்கள் சங்கத்துக்கு ஐம்பது வருடம் நிறைகிறது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கொண்டாட்டம். அதற்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள். மூப்பர் ஹராவா என்னைப் பார்த்து, “இந்தப் பொடிசா செய்யப்போகுது?” என்றார். அம்மா, “அவ விரல் பேசுறத நீங்க பாருங்க” என்றாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மலைக்கு அந்தப்பக்கத்துச் சபைகளிலிருந்தெல்லாம் மூத்த பெண்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கடையில் வந்து உட்கார்ந்து சொல்ல, நான் அப்படியே டைப் செய்தேன். பேனாவே தொடவில்லை. ஒரு பாட்டியம்மா, அந்தக் காலத்தில் புருஷனுக்குத் தெரியாமல் சங்கத்துக்கு வந்ததைச் சொல்லிவிட்டு, “இத போடாதடி. அந்த மனுஷன் இன்னும் உயிரோட இருக்கான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, “சரி போடு, அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே” என்றார்.

மூப்பர் திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அச்சடிப்பதாக ஏற்பாடு. காகிதம் வீணாகாது. சாயங்காலம் அம்மா திரையை மட்டும் அணைக்கிறாள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த மழையில் அணை நிரம்பிவிட்டதால் கரண்ட் போவதே இல்லை.

மற்ற சபைக்காரர்களும் இப்போதே விலை கேட்கிறார்கள், அண்ணா.

தொவேரா

*

ஜோஹன்னஸ்பர்க்
6 ஏப்ரல் 2010

தொவே,

பொட்டலம் வந்தது. முந்தாலி சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார், ஆனால் அவர் சட்டையிலும் அந்த வாசனைதான்.

உன் கடிதத்தைச் சமையலறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். “உன் தங்கச்சி உன்ன மிஞ்சிட்டா, இனி நீ அவகிட்டதான் வேலை கேக்கணும்” என்கிறார்கள். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. டிசம்பர் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது இங்கே கொஞ்சம் வேலை அதிகம்.

வனாங்வா

*

ரும்பி
13 ஏப்ரல் 2010

அண்ணா,

உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

கொண்டாட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை மூப்பர் ஹராவா வந்து கடைசிப் பக்கம்வரை திரையில் படித்தார். ஒரு பெயரில் மட்டும் திருத்தம் சொன்னார். “நாளைக்கு அச்சடிச்சிடலாம் பிள்ள” என்று என் தலையைத் தொட்டார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மார்க்கெட் முழுக்கக் கரண்ட் போனது. ஒரு பாட்டு முடியும் நேரம்கூட இருக்காது, திரும்ப வந்துவிட்டது.

மெஷினை எழுப்பினேன். சிடி முதல்நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டது. எதையும் மாற்றாமல் என்பதை அழுத்தினேன். திரை முதல்நாள் இருந்ததுபோலவே சுத்தமாக வந்தது. புத்தகம் இல்லை. நான் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமித்தேன், அண்ணா. ஒரு தடவைகூட மறக்கவில்லை. மிஸ் ஸ்கம்போ வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “எதையும் மாத்தாதேன்னா எதையும் வச்சுக்காதுன்னு அர்த்தம், தொவேரா. நீ சேமிச்சது மெஷின்ல இல்ல, அதோட நினைப்புல. கரண்ட் போனா நினைப்பும் போயிடும். நான் இதச் சொல்லியிருக்கணும்” என்றார்.

அந்தப் பெண்கள் மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்கள். திரும்பக் கேட்க நாள் இல்லை. எனக்கு நினைவிருந்ததை எழுதினேன். பெயர்கள் மாறிப்போயின. யாருடைய அம்மா யார் என்று குழம்பிவிட்டது. மூப்பர் அதைப் பார்த்துவிட்டு, “செத்தவங்க பேர தப்பா போட்டா நான் கோயில்ல நிக்க முடியாது” என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். தன் கதையைப் போடச் சொன்ன பாட்டியம்மா என் பக்கத்தில் வந்து, “எங்கடி என் பக்கம்?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

விலை கேட்ட மற்ற சபைக்காரர்கள் யாரும் திரும்ப வரவில்லை.

“உங்க அண்ணன் வந்தா எல்லாம் சரியாயிடும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நீ திட்டு அண்ணா. திட்டி ஒரு பெரிய கடிதம் எழுது. ஆனால் டிசம்பரில் வா.

தொவேரா

*

ஜோஹன்னஸ்பர்க்
30 மே 2010

அன்புள்ள தொவே,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடந்ததற்கு வருத்தப்படாதே. இதற்கெல்லாம் யாராவது திட்டுவார்களா? அந்த மெஷின் இப்போது உன்னுடையது. உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடு, எனக்கு எதுவும் வேண்டாம். கடையை வாடகைக்கு யாராவது கேட்டால் அம்மா கொடுத்துவிடட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நன்றாகப் படி.

வனாங்வா

*

ரும்பி
11 ஜூலை 2010

அன்புள்ள அண்ணா,

திட்டுவாய் என்றுதான் கடிதத்தைப் பிரித்தேன். ‘அழித்துவிடு’ என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். நாங்கள் என்று எழுதியிருக்கிறாய். அது யார் என்று எழுதவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அதை ‘நான்’ என்று மாற்றிப் படித்தேன். அவள், “நாங்கன்னு படி. எழுதியிருக்கறத படி” என்றாள். முந்தாலி அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். உன்னோடு இருக்கும் பெண்ணின் பெயர் நொம்சா. குழந்தை பிறக்கப்போகிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

உன் பொருட்களை அழிக்க மனம் வரவில்லை. லினக்ஸில் பார்த்தால் வைரஸ் ஒளித்துவைத்திருந்த கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. உன் பாட்டுகள், கால்பந்துப் படங்கள், நீ வரைந்த கடைப் பலகை. ஒரு பென்டிரைவில் ஏற்றி முந்தாலியிடம் கொடுத்தனுப்பினேன். போன வாரம் திருப்பிக் கொண்டுவந்தார். “அந்த ரூம்ல வேற ஆளுங்க இருக்காங்க பிள்ள. எங்க போனான்னு யாருக்கும் தெரியல” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பஸ் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு மிஸ் ஸ்கம்போ பக்கத்தில் இருக்க, சரியான முறையில் ஏற்றினேன். இந்த முறை சிடி கேட்ட கேள்வியில் முதல் வரியை அழுத்தினேன். பழையது முழுவதும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். வேண்டுமென்றே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப எழுப்பிப் பார்த்தேன். நான் டைப் செய்து வைத்திருந்த வரி அங்கேயே இருந்தது. மிக நன்றாக ஓடுகிறது, அண்ணா. வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

திங்கள்கிழமை முதல் கடை முடிதிருத்துகிற காயிராவுக்கு. மெஷினையும் பாட்டுப் போட எடுத்துக்கொள்கிறார். லினக்ஸ் பற்றி அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். “எதுல ஓடினா என்ன தங்கச்சி, சத்தமா பாடினா போதும்” என்றார். கண்ணாடி மாட்ட ஆணி அடித்துவிட்டார்.

உன் போர்வையை அம்மா இந்த மாதம் வெயிலில் போடவில்லை. ஜூலைக் குளிருக்கு எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. பழைய முகவரியையே எழுதுகிறேன், முந்தாலி வாங்கிக்கொள்வார். ‘வா’ என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. குழந்தைக்கு நல்ல பெயராக வையுங்கள்.

எதிர்க்கடையிலிருந்து விழுகிற வெளிச்சத்தில் கடைசி வரிகளை எழுதுகிறேன். கரண்ட் போகவில்லை. நம் கடை விளக்கை அம்மா அணைத்துவிட்டாள்.

தங்கை,
தொவேரா