தலை எண்ணும் புதன்கிழமை

டெல்லாவின் அப்பாவுக்கு,

நீ கேட்ட டி.சி. இதோடு இருக்கிறது. நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தலைமையாசிரியை நானாக இருக்கும்போது வேறு யார் போடுவது?

அக்டோபர் முதல் புதன்கிழமை எங்களுக்கு என்ன நாள் என்று பதினோரு வருடம் கூட இருந்து பார்த்தவன் நீ. அன்றைக்கு ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் பேரில் லான்சிங்கிலிருந்து மாநில அரசு அனுப்பும் பணமும் அந்தப் பள்ளிக்குத்தான். ஒரு பிள்ளைகூட லீவு போடக் கூடாதென்று என்னோடு நின்று காலையில் பான்கேக் சுட்டவனும் நீதான். அப்படியிருந்தும் திங்கட்கிழமையே நம் டெல்லாவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டாய். இன்னும் மூன்று நாள் பொறுக்க முடியவில்லையா?

செவ்வாய்க்கிழமை திருமதி ப்ரூவர் தன் இரட்டைப் பிள்ளைகளோடு வந்து நின்றாள்.

“உங்க பொண்ணே இங்க படிக்கல, எங்க பசங்க மட்டும் எதுக்குங்க?”

அவர்களும் போய்விட்டார்கள். தலை குறைந்ததில் பணமும் குறைந்து, பாட்டு டீச்சருக்கு ஜனவரியோடு வேலை இல்லை. அதையும் அவரிடம் நான்தான் சொன்னேன்.

புதன் சாயங்காலம் டெல்லா போன் செய்தாள். “அம்மா, இங்கயும் இன்னைக்கு பான்கேக் போட்டாங்க. அப்பாதான் சுட்டாரு. எல்லாரும் இன்னொண்ணு இன்னொண்ணுன்னு கேட்டாங்க!”

மாவில் மோர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை.

டி.சி.யில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ‘வீடு மாறியது’ என்று எழுதியிருக்கிறேன். உன் புது வீட்டில் உன்னோடு வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை. நீ பிழைத்தாய்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை