சோடி சோடியாய் எண்ணிய பிள்ளை

அன்பு நஸீமா,

உனக்கு என் சலாம். நீ மவுத்தாகி எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருசம் ஆகியும், ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் உன் கதிரையைப் பார்த்துத்தான் முதல் சலாம் வருகிறது. பழக்கம் விடுகுதில்லை.

ஷிபாவை ஞாபகமா? மீன் காயப்போடுகிற கருவாட்டு வாடியில் வேலை செய்கிற உம்மாவின் மகள். முதலாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு என்ன தெரியும், எதில் கைகொடுக்க வேண்டும் என்று பார்க்கிற அந்த வாரத்தில், அவள் முன்னால் பத்துப் புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொன்னேன். இரண்டிரண்டாய்த் தள்ளிவிட்டு "அஞ்சு" என்றாள். திரும்பக் கேட்டேன், திரும்பவும் அஞ்சு. படிவத்தில் 'எண்ணத் தெரியாது' என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

பக்கத்து வகுப்பு வாசலில் நின்று நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அக்கா முறை வைத்து, "ராத்தா, எப்படி எண்ணினாய் எண்டு அவளிட்டக் கேளுங்களேன்" என்றாய்.

"முப்பத்தெட்டுப் பிள்ளையள் இருக்கு. ஒவ்வொண்டிட்டயும் கதை கேட்டுக்கொண்டிருக்க ஏலுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"முந்தல் புடைவைக்கடைக்காரர்ர மகளுக்கு முழம் தெரியும், மீன் தெரியாது" என்று என் வாப்பாவின் கடையைச் சொல்லிக்காட்டிச் சிரித்துக்கொண்டே போய்விட்டாய். மன்னார்க் கடற்கரையில் பிறந்து, சண்டையில் ஊரைவிட்டு இங்கே வந்தவள் நீ. சண்டை முடிந்து உன் குடும்பம் ஊர் திரும்பியபோதும் இந்தப் பிள்ளைகளை விட்டுப் போகாமல் நின்றவள். அன்றைக்கே எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னாலும் நான் எங்கே கேட்டிருப்பேன்.

போன சனிக்கிழமை கருவாடு வாங்க ஆலங்குடா வாடிக்குப் போனேன். உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஷிபா எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு கைக்கு இரண்டாய் எடுத்துப் போட்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று கடகடவென்று போகிறாள். ஐம்பதில் நிறுத்தி, "நூறு உம்மா, கட்டுங்க" என்றாள்.

"ஏன் இப்படி எண்ணுறீங்க?" என்று கேட்டேன்.

"சோடியாத்தான் எண்ணுவம் டீச்சர்" என்றாள் உம்மா. "ஒவ்வொண்டா எண்ணினா பொழுது பட்டுரும்."

வெட்கமாக இருந்தது நஸீமா. வாங்க வந்ததை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஷிபா இப்போது மூன்றாம் ஆண்டு. நான் எழுதிய அந்த ஒரு வரி அவளோடேயே வகுப்பேறி வந்திருக்கிறது. பின்வரிசையில் இருந்து இன்னும் முதலாம் ஆண்டுக் கூட்டல்தான் செய்கிறாள். திங்கட்கிழமை இடைவேளையில் அவளைப் பாயில் உட்காரவைத்து, அதே பத்துப் புளியங்கொட்டையை வைத்து, "உனக்கு விருப்பமான மாதிரி எண்ணு மகள்" என்றேன். அவள் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கணக்கு வராதுதானே டீச்சர்."

அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. தன் பெயரைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நூறு கருவாட்டைக் கட்டச் சொன்ன பிள்ளை! நான் என்ன செய்துவிட்டேன்?

படிவத்தில் அந்த வரியை வெட்டிக் கையெழுத்து வைத்துவிட்டேன். அதிபரிடமும் என் பிழையைச் சொன்னேன். ஆனால் பிள்ளை இன்னும் புளியங்கொட்டையைத் தொடவில்லை.

அதனால் நாளைக்குக் கொட்டையைக் கொண்டுபோக மாட்டேன். ஒரு பொதி கருவாட்டோடு போய், எனக்கு எண்ணத் தெரியாது, நீ காட்டித் தா என்று அவளிடமே கேட்கப் போகிறேன். இனி வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், எப்படி எண்ணினாய் என்று கேட்காமல் பேனையைத் தொட மாட்டேன். பொழுது பட்டாலும் கேட்பேன், நஸீமா.

நீ சொல்லியும் கேட்காத உன் ராத்தா,
ரிஸானா